ஆறு டப்பா நல்ல பாக்டீரியா

அந்த லேடி டாக்டருக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். பரிசோதனை முடிந்து கையுறையை உருவியபோது அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. மேசைமேல் நோயாளி கொண்டுவந்த ஆறு காலி மாத்திரை டப்பாக்கள்.

“அரிப்பு ஆரம்பிச்சு எத்தனை மாசம்?”

“ஆறு மாசம்,” என்றாள், முகக்கவசத்தை இன்னும் கழற்றாத அந்தப் பெண்.

“ஆறு மாசமா இந்தப் புரோபயாடிக்கை முழுங்கிட்டு வீட்லயே உட்கார்ந்திருந்தியா? உள்ளே கருப்பை வாய் வரைக்கும் புண்ணா இருக்கு! நல்ல பாக்டீரியா நல்லதுதான். அதுக்காக என்ன வியாதின்னே பார்க்காம முழுங்குவாங்களா? எந்தப் புண்ணியவான் எழுதிக் குடுத்தான்?”

“விளம்பரத்துல ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. பொம்பளைங்க பிரச்சினைக்கெல்லாம் இது ஒண்ணே போதும், டாக்டர்கிட்ட போய்க் கூச்சப்பட்டு நிக்க வேண்டாம்னு.”

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே டப்பாவோடு இந்த மாதம் வந்த நாலாவது ஆள் இவள்.

“ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கிட்டு இளிப்பாளே, அவளா? படிச்ச படிப்பை விக்கிறவ! இன்னிக்கே மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதி அவ பட்டத்தைப் பிடுங்கலேன்னா பாரு!”

“பிடுங்க ஒண்ணும் இல்ல டாக்டர்.” முகக்கவசம் மெல்லக் கீழே இறங்கியது. “நான் பத்தாவது ஃபெயில். அந்த வெள்ளைக் கோட்டும் வாடகைக் கோட்டு.”

விளம்பரத்தில் இளித்த அதே முகம்.

“அடிப்பாவி! எழுதிக் குடுத்ததை ஒப்பிச்ச நீயே எப்படி நம்பினே?”

“முப்பது தடவை சொல்ல வெச்சாங்க டாக்டர். இருபதாவது தடவையிலயே நம்பிட்டேன்.”