ஆஸ்பத்திரிக்குப் போணி

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. ரிப்பன் வெட்டியாயிற்று. போணிதான் ஆகவில்லை.

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

குடும்பத்து நூல் மில்லில் தொடங்கிய வழக்கம். எதைத் திறந்தாலும் ராசியான கை ஒன்று முதல் போணி செய்ய வேண்டும். மில்லில் முதல் மூட்டை நூல். ஜவுளிக்கடையில் முதல் பட்டு. பம்ப் கம்பெனியில் முதல் மோட்டார். இன்ஜினியரிங் காலேஜுக்குக்கூட முதல் விண்ணப்பம் வாங்க ஆளைக் கூட்டி வந்தார்கள்.

புருஷன் போனபோது இருந்தது அந்த ஒரே மில். அதை இத்தனையாக்கியது அவள்.

ஆனாலும் தாலி இல்லாத கை. போணி வேளையில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்று ஆஸ்பத்திரி. இருநூறு படுக்கை.

கொழுந்தனார் சென்னியப்பன் வேர்க்க விறுவிறுக்க ஆள் தேடினார். எப்போதும் போணி செய்கிற நூல் வியாபாரி, முதல் நோயாளியாகப் பேர் எழுத வேண்டும் என்றதும் காரில் ஏறிவிட்டார். காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கை மாப்பிள்ளைக்குப் பல்வலி நின்றுவிட்டதாம். பத்து வருஷமாக இருமுகிற மேனேஜர் இருமலை விழுங்கிக்கொண்டார்.

மஞ்சள் தடவிய பதிவேட்டைத் திறந்து வைத்துக் கவுண்டர்ப் பெண் காத்திருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். பேச்சு அடங்கியது.

"அண்ணி, நீங்க வேண்டாமுங்க." சென்னியப்பன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"அப்ப நீங்க எழுதுங்க தம்பி."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். வழி விட்டார்.

பேர் நாச்சம்மாள் என்றாள். வயது அறுபத்து மூன்று.

என்ன செய்கிறது என்று கேட்டாள் கவுண்டர்ப் பெண்.

மூட்டு வலி. இருபது வருஷத்து வலி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுவரோரம் நின்ற மில் பெண்களில் ஒருத்தி இடுப்பைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசை வாசலைத் தொட்டது.

"கூட வந்தவங்க பேருங்கம்மா?" என்றாள் கவுண்டர்ப் பெண்.

நாச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"சென்னியப்பன்னு போடு கண்ணு. இங்கதான் நிக்கறாரு."

கையெழுத்துப் போட அவள் குனிந்தபோது, அவர் அவளுடைய கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.