கத்தரிப்பூத் தாவணி

“பொண்ணு மாநெறம்னா அரக்குக் கலரு எடுப்பா இருக்கும்க்கா. கையோட கூட்டியாந்திருந்தா மேல வச்சே பாத்திருக்கலாம்” என்றாள் ஜவுளிக்கடைக் குருவம்மாள். பாவாடை தாவணிகளை மேசையில் விரித்துப் போட்டபடியே, வீட்டில் என்ன விசேஷம் என்றும் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை ஒரு பூசை” என்றாள் சண்முகத்தாய்.

பக்கத்தில் நின்ற ஷெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொண்ணு வர மாட்டா. செத்து ஒரு வருசமாச்சு. அரக்கு அவளுக்கு ஆகவே ஆகாது, கத்தரிப்பூக் கலரு எடுங்க” என்றாள். குருவம்மாளின் கை துணியிலேயே நின்றுவிட்டது.

செத்தவள் சண்முகத்தாயின் ஒரே மகள் பாண்டீஸ்வரி. பத்தொன்பது வயது, போன ஐப்பசியில் காய்ச்சலில் போனாள். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை அந்த வீட்டில் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். வருசம் திரும்பும் நாளில் புதுத் துணி வைத்துப் படைத்து, மறுநாள் காலையில் அதை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். வெளியாள் கைக்கு அந்தத் துணி போகாது.

வீட்டுப் பெண் என்று இப்போது இருப்பது பாண்டீஸ்வரியின் சித்தப்பா மகள் அனுசியா ஒருத்திதான். அதை நினைக்க நினைக்க ஷெரினுக்கு வயிறு எரிந்தது.

ராஜபாளையம் காலேஜில் ஷெரினும் பாண்டீஸ்வரியும் ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி உயிராக இருந்ததையும், போனில் என்னென்ன எழுதிக்கொண்டார்கள் என்பதையும் வீட்டில் போட்டுக்கொடுத்தவள் இந்த அனுசியாதான். மறுநாளே சண்முகத்தாய் மகளின் போனைப் பிடுங்கினாள், காலேஜையும் நிறுத்தினாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஓடிவந்த ஷெரினை, “எம் மகளக் கெடுத்தது போதும்” என்று வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். மூன்றாம் நாள் சாவுச் செய்திதான் வந்தது.

அதே சண்முகத்தாய் நேற்று போன் செய்து, “அவளுக்கு என்ன பிடிக்கும்னு ஒனக்குத்தான் தெரியும். செத்த நேரம் வந்துட்டுப் போ” என்கிறாள். என்ன நெஞ்சழுத்தம். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று அப்பா ராஜரத்தினத்திடம் பொய் சொல்லிவிட்டு ஷெரின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். துணி எடுத்துக் கொடுக்க அல்ல. நாலு பேர் பார்க்க நறுக்கென்று கேட்டுவிட்டு வரத்தான்.

“பாவாடை நீளம் எம்புட்டுக்கா வேணும்?”

“முப்பத்தாறு இருந்தாப் போதும்” என்றாள் சண்முகத்தாய்.

ஷெரினுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தக் குடும்பமே நெடுநெடுவென்று வளர்ந்த குடும்பம். பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் ஷெரினின் தலை பாண்டீஸ்வரியின் தோளில்தான் இடிக்கும்.

“முப்பத்தாறா? அவளுக்கு நாப்பது வேணும். பெத்தவுகதான நீங்க? ஒரு வருசத்துல மக ஒசரம்கூட மறந்துபோச்சா?”

சண்முகத்தாய் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “முப்பத்தாறே எடும்மா” என்றாள்.

“இந்தப் புள்ள யாருக்கா?” என்று குருவம்மாள் மெல்லக் கேட்டாள்.

“எம் மக கூடப் படிச்ச புள்ள.”

அவ்வளவுதான், ஷெரின் வெடித்துவிட்டாள். “கூடப் படிச்ச புள்ளையா? கூடப் படிச்சதுக்கா போனைப் புடுங்குனீக? அதுக்கா கதவச் சாத்துனீக? நாங்க ரெண்டு பேரும் லவ் பண்ணோம். ஒங்களுக்கு அது நல்லாத் தெரியும். கடைசியா மொகத்தக்கூடப் பாக்க விடல. இப்ப அவ துணிய அந்தக் கோள்காரி அனுசியா உடுத்திக்கிட்டு நிக்கணும், அதுக்கு நான் வந்து கலரு சொல்லணும். இல்லையா?”

அடுத்த மேசையில் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதானே வந்தாள். அழுதுவிட்டால் கோபம் கரைந்து போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சண்முகத்தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “காய்ச்சல்ல ஒன்னையத்தான் கூப்புட்டுக்கிட்டே கெடந்தா. ஒன்னைய வெரட்டிட்டு உள்ள போயி, இந்தா வந்துருவா, பஸ்சு ஏறிட்டாளாம்னு பொய் சொன்னேன். வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா.”

“இத இப்ப எதுக்குச் சொல்றீக? நான் ஒங்கள மன்னிக்கணுமா? மாட்டேன்.”

“மன்னிக்க வேண்டாம்.”

குருவம்மாள் கத்தரிப்பூக் கலர்ப் பாவாடையையும் தாவணியையும் மடித்துப் பையில் போட்டு நீட்டினாள். சண்முகத்தாய் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஷெரினின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“கன்னிக்குப் படைச்சத நீ உடுத்துனா, ஒங்க வீட்டுல வைவாகளாம்மா?”