எழுநூறு கிராம் கௌரவம்

வக்கீல் குவால்தியேரோ அந்த எழுநூறு கிராம் கார்பன் சைக்கிள் பிரேமை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார். பந்தய வீரனைப் போல மழித்த கால்கள், இறுக்கமான உடை, அதற்குள் அடங்க மறுக்கும் தொந்தி. பெர்காமோ நகரில் சைக்கிள் கடை நடத்தும் ஓர்னெல்லா பிரேமைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“இது வேண்டாம் வக்கீல் சார். எண்பது கிலோவுக்கு மேல ஆள் ஏறினா தாங்காது. நீங்க நூறு இருப்பீங்க.”

“தொண்ணூத்தெட்டு!”

“மலையிலேர்ந்து இறங்கும்போது ஒரு பள்ளத்துல விட்டா ரெண்டா முறியும். இருநூறு கிராம் கூட இருந்தாலும் அந்தக் கறுப்பு பிரேம்தான் உங்களுக்கு. பாதி விலை, நல்லா உழைக்கும்.”

“எனக்கு லேசானதுதான் வேணும்.”

“உங்க சாவுக்கு நான் பில் போட மாட்டேன். கடையை மூடினாலும் சரி.”

குவால்தியேரோ வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யாரும்மா ஓட்டப்போறா? ஆபீஸ்ல என் நாற்காலிக்குப் பின்னால மாட்டணும். வெறும் அட்டைச் சுவரு. கனமா மாட்டினா பேத்துக்கிட்டு வந்துடும்.”

ஓர்னெல்லா உள்ளே போய், தூசி படிந்த அதே ரக பிரேம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“அப்ப இதைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க. பந்தயத்துல ஒருத்தன் விழுந்து விரிசல் விட்டது, ஓட்ட உதவாது. விரிசலைச் சுவர்ப் பக்கம் திருப்பிட்டா யாருக்கும் தெரியாது.”

வக்கீலின் முகம் மலர்ந்தது.

“சுவர்ப் பக்கமா? நல்லாச் சொன்னே போ! கட்சிக்காரங்க பாக்குற பக்கம்தான் வைக்கணும். நான் எந்த மலையில விழுந்தேன்னு மட்டும் நீயே ஒண்ணு யோசிச்சுச் சொல்லு.”