மத்தியான ஊளை

தீப்பெட்டி ஆபீஸ் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது சுகுணா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் அடுத்த வீட்டுச் சொர்ணத்தாய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தலைவலி, நீங்க போங்க மதினி என்று சுகுணா கையைக் காட்டி அனுப்பிவிட்டாள்.

தலைவலி இல்லை. இன்று ஒருநாளாவது துரையோடு இருக்கலாம் என்றுதான்.

துரை அவள் நாய். சாயங்காலம் நாகலாபுரத்திலிருந்து தம்பி பேச்சிராஜா லோடு ஆட்டோவில் வருகிறான். அதைக் கொண்டுபோய்ப் புஞ்சையில் வேப்பமரத்தடியில் கட்டிப்போடுவான். சங்கிலியே அறியாத நாய்.

புருஷன் திருப்பூரோடு போய்விட்ட பிறகு இந்தக் காம்பவுண்டின் ஒற்றை அறையில் அவளுக்கு இருக்கும் துணை அது ஒன்றுதான்.

அதன் மேல் உள்ள குற்றமும் ஒன்றுதான். தனியாக விட்டுப்போனால் மத்தியானத்தில் ஊளையிடுகிறது. சொன்னது வீட்டுக்காரம்மா மீனாட்சியம்மாள். மாடியில் இருப்பவள். பகலில் அந்தக் காம்பவுண்டில் நடமாடுபவள் அவள் ஒருத்திதான்.

“ஏட்டி, இங்கன ராமசுப்பு அண்ணாச்சி பேச்சும் இல்லாம அசைவும் இல்லாம கெடக்காவ. ஒன் நாய் என்னடான்னா எமனுக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்கு. தொரைன்னு பேரு வச்சேல்லா, அதான் உத்தியோகம் பாக்குது போல!”

ராமசுப்பு சொர்ணத்தாயின் கணவர். வாதத்தில் விழுந்தவர். நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்று மீனாட்சியம்மாள் மட்டுமல்ல, காம்பவுண்டே நம்பியது.

சொர்ணத்தாய் சண்டைக்கு வரவில்லை. வேனில் பக்கத்தில் உட்கார்ந்து, சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

சுகுணா நாயைத் தனியாக இருக்கப் பழக்கத் தொடங்கினாள்.

நாய்க்குப் பயம் பூட்டில் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே, நாம் தலை வாரும்போதே, தூக்குச்சட்டியில் சோறு போடும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த அடையாளங்களையெல்லாம் பொய்யாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வாரிப் பூ வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

பிறகு கதவுக்கு வெளியே போய் நின்றாள். முனகல் வருவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். முனகிய பிறகு வந்தால், முனகினால் வருவாள் என்று அது கற்றுக்கொள்ளும். முதலில் ஒரு மூச்சு நேரம். அப்புறம் கடைக்குப் போய்வரும் நேரம். அப்புறம் தண்ணீர் லாரியில் பிடித்துவரும் நேரம்.

புறப்படும்போது கொஞ்சக் கூடாது. கொஞ்சினால் ஏதோ பெரிய காரியம் நடக்கப்போகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். முகத்தைப் பார்க்காமல் பூட்டிவிட்டு நடக்க, நாயைவிட அவளுக்குத்தான் பழக நாளானது.

தட்டிவிட முடியாத கல்தொட்டியில் தண்ணீர் வைத்தாள். சிலிண்டரை அடைத்தாள். ஒயர்களை எட்டாத உயரத்துக்குச் சுருட்டினாள். கழுத்துப்பட்டையைக் கழற்றினாள்; எதிலாவது மாட்டிக்கொண்டால் விடுவிக்க ஆளில்லை. உடுத்திக் களைந்த சேலையைத் துவைக்காமல் தரையில் போட்டாள். வாசனை இருந்தால் ஆளே பாதி இருக்கிற மாதிரி.

பகலெல்லாம் தீப்பெட்டிப் பண்டல் கட்டிவிட்டு வந்து, இத்தனையும்.

பலித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவில் நகக்கீறல் இல்லை. சேலை கிழியவில்லை. துரை முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. பயந்து கிடந்த நாய் அப்படி முறிக்காது.

ஆனால் மாடியிலிருந்து அதே குரல் வரும். “இன்னைக்கும் ஊளைதாம்ட்டி.”

நேற்று, நாய் இருந்தால் நீ வேறு வீடு பார்த்துக்கொள் என்று மீனாட்சியம்மாள் முடித்துவிட்டாள். சுகுணா தம்பிக்குப் போன் போட்டாள். சண்டை போடவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

வெயில் ஏறியது. துரை அவள் தொடையில் தலை வைத்துத் தூங்கியது. அவளும் கண்ணயர்ந்தாள்.

மத்தியானம் அந்தச் சத்தம் எழுந்தது.

அடித்தொண்டையில் கரகரத்துத் தொடங்கி, நீண்டு, மேலே போய் உடைந்தது. மறுபடியும் எழுந்தது. அவள் பதறி எழுந்து நாயின் வாயைப் பொத்தினாள்.

வாய் மூடித்தான் இருந்தது.

சத்தம் நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. காலையில் சொர்ணத்தாய் வெளியே பூட்டிவிட்டுப் போன வீட்டிலிருந்து.

வாதம் வந்ததிலிருந்து ராமசுப்பு ஒரு சத்தம்கூட எழுப்பியதில்லை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பார்த்தது, பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான்.

துரை எழுந்தது. அது பதறவில்லை. நடுச்சுவரை ஒட்டி முதுகைச் சாய்த்துப் படுத்தது. வாலால் சுவரைத் தட்டத் தொடங்கியது. மெதுவாக, விடாமல்.

அந்தப் பக்கம் சத்தம் தேய்ந்தது. விம்மலானது. நின்றது.

நாய் படுத்திருந்த உயரத்துக்குச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து, அழுக்கேறி, வழவழப்பாக இருப்பதைச் சுகுணா அப்போதுதான் பார்த்தாள்.

பேச்சிராஜாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வரும் சொர்ணத்தாயிடம் என்ன சொல்வது?