வெளித் தாழ்ப்பாள்

மலாயாவின் கிள்ளானில் ஆளில்லாமல் கிடந்த பழைய காவல் நிலையத்துக்குள் அங்கம்மா இன்று பால் காய்ச்சுகிறாள். இனி இதுதான் வீடு. நாடகத் திரை எழுதும் அவள் கணவன் சின்னையாவுக்கு ஓவியக்கூடமும் இதுதான். கைதிகளை அடைத்துவைத்த இரண்டு அறைகளில் வெளிச்சமானது அவனுக்கு, மற்றது படுக்கையறை. புதுச் சுண்ணாம்பின் ஈர வாசனையை மீறி டர்பன்டைன் நெடி அடிக்கிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் புதுப்பாயில் கோடு கோடாய்க் கிடக்கிறது. தச்சர் நாகலிங்கம் ஓவிய அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் பொருத்திவிட்டுப் பெட்டியை மூடப் போகிறார். "படுக்கையறைக் கதவுக்கும் மாத்தணுமே, அண்ணே?" என்கிறாள் அங்கம்மா. "அது வெளியிலேயே இருக்கட்டும்னு உன் புருஷன் சொல்லிட்டான், தங்கச்சி. உன்னை உள்ளே புடிச்சுப் போடப்போறான்லா!" அவர் சிரிக்கிறார். திரைச்சீலையை விரித்துக்கொண்டிருக்கும் சின்னையாவும் சிரிக்கிறான். "வேலை நேரத்துல தொந்தரவு கூடாது, அவ்வளவுதான்" என்கிறான், அவள் முகத்தைப் பாராமலே. தொந்தரவு வேண்டாமென்றால் அவன் தன் கதவை அடைத்துக்கொள்வது போதாதா? அப்படி அவன் அறையில் யார் வந்து நிற்கப்போகிறார்கள், இவள் பார்க்கக் கூடாதபடி? "பாலைப் பாரு, எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாரு!" சின்னையா இன்னும் சிரித்தபடியே அவசரமாகச் சொல்கிறான். இரண்டு ஆண்களும் சட்டியையே பார்க்கிறார்கள். அங்கம்மா கதவைப் பார்க்கிறாள். பால் வழிந்து கரியில் விழுந்து சீறுகிறது. எந்தப் பக்கம் என்று அவள் பார்க்கவில்லை. எழுந்து, தச்சரின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு போய், படுக்கையறைத் தாழ்ப்பாளின் முதல் திருகாணியில் வைத்து அழுத்துகிறாள். பின்னால் சின்னையாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது.