எட்டு மில்லிமீட்டர்

"இதுக்குப் பேரு காபியா? நீங்க குழைக்கிற சிமென்ட்டே இதவிட நல்லாருக்கும்."

டைல்ஸ் மேஸ்திரி மனைவி நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு, நல்ல பிள்ளையாக மறுபடி அடுப்படிக்குப் போனார்.

"என்னடா, அவ இந்தப் பேச்சு பேசுறா, நீ பாட்டுக்குப் போற?" என்று பின்னாலேயே வந்தார் அம்மா.

"மெதுவாம்மா. அவ பேசல, ஹார்மோன் மாத்திரை பேசுது. கோவம் வரும், ஆறு வாரத்துக்கு எதிர்த்துப் பேசாதீங்கன்னு நர்சம்மாவே ஃபோன்ல சொல்லியிருக்காங்க. கர்ப்பப்பை உள்பக்கம் ஒரு சவ்வு இருக்காம். அது எட்டு மில்லிமீட்டர் தடிச்சாத்தான் ஆஸ்பத்திரில வளர்த்து வச்சிருக்கிற கரு ஒட்டுமாம். இவளுக்கு அஞ்சுதான் இருந்துச்சு, அது தடிக்கத்தான் இந்த மாத்திரை."

மேஸ்திரிக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. அடியில் பூச்சு சரியான கனத்தில் இல்லாவிட்டால் எந்த டைல்ஸும் நிற்காது. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள டைல்ஸ் துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தார். ஏழு வருஷமாகக் குழந்தைக்கு ஏங்குகிற மனுஷன், ஆறு வாரம் திட்டு வாங்கமாட்டாரா என்ன?

வாங்கினார். முதல் வாரமே பாத்திரம் கழுவும் வேலை அவர் தலையில் வந்து விழுந்தது. அடுத்த வாரம் அம்மாவின் டிவி சத்தம் பாதியானது. "எப்ப நல்ல சேதி?" என்று இழுத்துக்கொண்டே வந்த மேஸ்திரியின் அக்காவுக்கு வாசலிலேயே பதில் கிடைத்தது, அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். எல்லாவற்றுக்கும் மேஸ்திரி சொன்னது ஒன்றுதான்: "மாத்திரைம்மா, மாத்திரை."

இதுவரை மனைவி தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஆறு வாரம் முடிந்த இன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரும் ஸ்கேன் அறைக்குள் வந்து நின்றார். கை சட்டைப் பையில் டைல்ஸ் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எட்டரை இருக்கு," என்றார் டாக்டரம்மா. "அடுத்த வாரமே கருவை வச்சிடலாம்."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மனைவிக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்: "டாக்டர், அதான் எட்டைத் தாண்டிடுச்சே, இனி அந்த ஹார்மோன் மாத்திரைய நிறுத்திடலாமா? வீட்ல தாங்க முடியல."

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினார். "எந்த ஹார்மோன்? அது இவங்களுக்கு ஒத்துக்கலன்னு முதல் வாரமே நிறுத்தியாச்சே. சவ்வு தானா வளருதான்னுதான் இவ்வளவு நாளா பார்த்தோம். இவங்க சாப்பிடுறது வெறும் சத்து மாத்திரை."

மேஸ்திரி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லிடலாம்னுதாங்க வீட்டுக்கு வந்தேன்," என்றாள் அவள். "வந்து பார்த்தா, நீங்க பாத்திரம் கழுவிட்டு இருந்தீங்க."