தேடாமல் வராது

டிவியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு மறுபடியும் அதே விளம்பரம் வந்தது: ‘விவாகரத்து வேண்டுமா? தயங்காமல் எங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.’

மனைவி ரிமோட்டைச் சோபாவில் வீசினாள். “ஒரு வாரமா இதுதான் வருது. என்ன நடக்குது இந்த வீட்டுல?”

“சத்தியமா நான் தேடலை” என்றான் கணவன்.

“விளம்பரக் கம்பெனியில வேலை பாக்கறது நீங்க. யாரும் தேடாம எதுவும் வராதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறதும் நீங்க.”

“வீட்டுல எல்லா போனுக்கும் டிவிக்கும் ஒரே அக்கவுன்ட்தானே? நீ தேடியிருந்தாலும் வரும்.”

“ஓஹோ, பழியை என் தலையில போடறீங்களா? நேரா சொல்லுங்க. யாரு அவ?”

“மெதுவாப் பேசு. அம்மா இருக்காங்க.”

ஜன்னலோரம் மாமியார் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். காதில், போன மாதம் மகனிடம் கேட்டு வாங்கிய ஹெட்போன்.

“அத்தைக்கு எங்க கேக்கப்போகுது? வெளிச்சத்தம் துளிகூட உள்ள போகாதுன்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க!”

உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் இடித்தது. “ஏய்! எத்தனை தடவை கூப்பிடறது? செவிட்டு முண்டமே!”

மாமியார் கண்களைத் திறந்தார். எழுந்து வந்து, ஹெட்போனைக் கழற்றி மகனின் மடியில் வைத்தார்.

“நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. தேடினது நான்.”

மகன் மடியிலிருந்த ஹெட்போனைக் கையில் எடுத்தான்.

“முதல்ல இதைப் போட்டுத்தான் சமாளிக்கப் பார்த்தேன்பா. இதையும் தாண்டிக் கேக்குது, உங்கப்பா குரல்.”